தவிட்டுக்கு வாங்கியவள்

கிர்க்கி, புனே
11.3.2007

அன்புத் தங்கை பவுனுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். வாயெல்லாம் புண், போனில் பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம். என் ரத்தப் புற்றுக்கு நீ கொடுத்த ஸ்டெம் செல் எனக்குள் நன்றாகக் குடியேறிவிட்டதாம். என் ரத்தமே பி குரூப் போய் உன்னுடைய ஓ குரூப் ஆகிக்கொண்டிருக்கிறது. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லி எத்தனை வருஷம் அழவைத்திருப்பேன். குரூப் வேறானாலும் மற்றதெல்லாம் கூடப்பிறந்தவளுக்கே உரியபடி அப்படியே பொருந்துகிறது என்று டாக்டர் என் வாயை அடைத்துவிட்டார்.

கிருமி தொற்றினால் தாங்க மாட்டேனாம்; தயிர் கூடாது, ஊறுகாய் கூடாது, வீட்டில் பூ கூடாது. வருகிறவர்களுக்கு முகமூடி. உன் மதினி போலீஸ்காரி மாதிரி வாசலில் நிற்கிறாள். நீ அனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைப் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் ருசித்துச் சாப்பிடுகிறார்கள்.

உன் அண்ணன்
ஜெகதீசன்

கோவில்பட்டி
2.4.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊறுகாயைத் தூக்கிக் கொடுத்ததை மறக்க மாட்டேன். நீ தேறியதும் புதிதாகப் போட்டுக் கொண்டு வருகிறேன். உடம்பெல்லாம் தடித்துத் தோல் உரிகிறது என்று மதினி போனில் சொன்னாள். என்ன அது? பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வரட்டுமா?

பவுன்

கிர்க்கி
9.4.2007

பவுனுக்கு,

ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. வேறொன்றும் இல்லை. ரயிலில் வந்தால் கிருமியும் கூட வரும், இப்போது வேண்டாம்.

ஜெகதீசன்

கோவில்பட்டி
20.4.2007

அண்ணனுக்கு,

இங்கே டாக்டரிடம் கேட்டேன். மருந்து இல்லையாம். நான் கொடுத்த அணுக்கள்தான் உன் உடம்பை வேற்றாள் என்று நினைத்துத் தாக்குகின்றனவாம். ஏன் மறைத்தாய்? எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கொடுக்காமலே இருந்திருக்க வேண்டுமா? உண்மையைச் சொல்.

பவுன்

கிர்க்கி
8.5.2007

அன்புத் தங்கைக்கு,

கைத்தோல் உரிந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல உன் மதினி எழுதுகிறாள். நடுநடுவே அழுகிறாள், எழுத்து கோணலாக இருக்கும்.

நீ கொடுக்காவிட்டால் இந்த வருஷத்து வெயிலையே பார்த்திருக்க மாட்டேன். சின்ன வயதில் நீ என் கையைக் கடித்து ரத்தம் வந்ததே, அம்மா உன்னை அடிப்பாள் என்று, நாய் கடித்தது என்றேன். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அப்போதும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது மருந்து என்று சொன்னதும் அப்படித்தான்.

நேற்று டாக்டர் வந்தார். தயிர் சாப்பிடலாமாம். வீட்டில் பூ வைக்கலாமாம். யார் வேண்டுமானாலும் வரலாம், முகமூடி தேவையில்லை என்றார். ஏன் என்று உன் மதினி கேட்கவில்லை.

லீவு போட்டுவிட்டு வா. புதிதாக ஊறுகாய் போடாதே, ஊறுவதற்கு நாளாகும். வீட்டில் இருக்கிற பழையதை எடுத்துக்கொண்டு வா.

ஜெகதீசன்