ஹேமந்த் ஆபீஸுக்கு நான் எடுத்துப்போன அத்தை சீர்

பிள்ளைப்பாக்கம்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பூஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அந்த பின்லாந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நம்புகிறேன். போனில் இந்த விஷயத்தை எடுத்தாலே விடும்மா விடும்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு ஜோதி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். முழுசாகப் படி. நடுவில் நிறுத்தினாயானால் உன்மேலும் கோபம் வரும், இருக்கிற கோபமே எனக்குப் போதும்.

ஜோதி ஒரகடத்தில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். போன மாசம் அவர்களுக்குப் புதுசாக ஒரு ட்ரெய்னிங், கண்ணில் பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டு, மிஷினில் எப்போது கை வைக்கலாம் எப்போது கூடாது என்று கேம் மாதிரி சொல்லிக் கொடுத்தார்களாம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வந்து, இன்னாத்தே, கண்ணாடிய மாட்டிக்கினா உள்ள நீ என்னைத் திட்டிக்கினு கீற, கைய எடுடி கைய எடுடின்னு, என்று ஒரே சிரிப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ லீவில் வந்தபோது, ஜோதி மாதிரிப் பெண்களுக்காக எழுதுகிற பிரஸ் கேமுக்கு என்று சமையலறையில் என்னைக் கத்தச் சொல்லி போனில் பிடித்தாயே, அந்தக் குரல்தான். யார் கொண்டுவந்தது என்று கேட்டால், நம்ம ஹேமந்த் அண்ணன்தான், சொந்தமா அவரே பண்ண எஞ்சினாம் என்கிறாள். என் கூடப் பிறந்த அண்ணன் புருஷோத்தமன் பெற்ற பிள்ளை! உனக்கு மாமன் மகன், நம் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்.

உடனே உனக்கு போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? அது ஓப்பன் சோர்ஸ்மா, அந்த கேம் எஞ்சினே பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி சும்மா கொடுத்தது, அதை வைத்து நான் எழுதியதையும் சும்மாதான் போட்டேன், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்றாய். அப்பா அதை லாரி எஞ்சின் மாதிரி, மேலே பாடி கட்டுவது அவரவர் வேலை என்று புரிந்துகொண்டு தலையாட்டினார். நான் விடவில்லை, நிபந்தனையே கிடையாதா என்று கேட்டேன். ஒன்றே ஒன்று, எழுதினவர்கள் பெயரை அழிக்கக் கூடாது என்றாய். அவன் வைத்திருக்கிறானா என்றேன். அழித்துவிட்டான், விடும்மா என்று போனை வைத்துவிட்டாய்.

அண்ணனிடம் போய்க் கேட்டதற்கு அவர் ஒரு நியாயம் சொல்கிறார். ஓப்பன் சோர்ஸ் என்று சொன்னால் கம்பெனிக்காரர்கள், ஓசியில் வந்ததா, நாளைக்கு மக்கர் பண்ணினால் யார் சட்டையைப் பிடிப்பது என்று கேட்பார்களாம், அதனால் பையன் சொந்த எஞ்சின் என்று சொன்னானாம். உன் ஆபீசிலேயே சில பேர் இந்த ஓசி எஞ்சினை நம்ப மாட்டார்கள், பெரிய கேமுக்குத் தாங்காது என்பார்கள், வேறு சில பேர் காசு வாங்குகிற எஞ்சின்காரன் திடீரென்று கட்டணக் கணக்கை மாற்றியதில் வெறுத்துப்போய் இதுதான் கதி என்று வந்தவர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். யார் எப்படி நினைத்தால் என்ன, பிடிக்காதவன் தொடாமல் இருக்கட்டும். இவன் வயிறாரத் தின்றுவிட்டு, இலை போட்டவள் யாரென்றே தெரியாது என்கிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால்தான் அவன் ஆபீஸ் திறப்புக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டபோது வாயே திறக்காமல் எடுத்துக்கொண்டேன். அத்தை சீர் இல்லாமல் நம் பக்கம் ஒரு விசேஷம் நடக்குமா? பழம், பூ, வேட்டி சட்டை, இனிப்பு என்று தட்டு தட்டாக மேளத்தோடு எடுத்துப்போனேன். அத்தை கொண்டுவந்ததை எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும் அல்லவா, கடைசித் தட்டில் இருந்ததை அண்ணியே தன் கையால் பிரித்தாள். சுங்குவார்சத்திரத்தில் சொல்லிச் செய்த பெயர்ப் பலகை. பிரஸ் பயிற்சி கேமை எழுதியவர் பிள்ளைப்பாக்கம் அண்ணாதுரை மகள் பூஜா, அன்பளிப்பு அத்தை சுந்தராம்பாள் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிசாக. ஜோதி கம்பெனி மேனேஜர் கேசவ் சார் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூஜா யார் என்று கேட்டார். எங்க டீம்ல இருந்தாங்க சார் என்று ஹேமந்த் இழுத்தான். எந்த டீம்லயும் இல்ல சார், எழுதினதே அவதான், உள்ள கத்தறது நான்தான் என்று நான் சொன்னேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சீரைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, நல்ல நாளில் சுவரில் மாட்டாமல் இருக்கவும் முடியாது, மாட்டினார்கள். அன்றைக்கு மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். அதோடு அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும்.

இந்த வியாழக்கிழமை ஹேமந்த் வந்தான். மன்னிப்புக் கேட்க வந்தானென்றா நினைக்கிறாய்? எஞ்சினில் புது வெர்ஷன் வந்து இவன் மாற்றிவிட்டானாம், அதிலிருந்து கேமில் பிரஸ் இறங்கும்போது சிவப்பு விளக்குக்குப் பதில் சில சமயம் பச்சை எரிகிறதாம், அவன் ஆபீஸ் பையன்களுக்குப் பிடிபடவில்லையாம். பூஜா கிட்ட சொல்லுங்கத்தே, அவ எழுதினதுதானே என்றான். பார்த்தாயா, கெட்டுப்போனதும் உன் பெயர் வாயில் வருகிறது! உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை நான். சொந்த எஞ்சினாச்சே, நீயே பாத்துக்க என்று அனுப்பிவிட்டேன். அவன் கெஞ்சினால் நீ இளகிவிடுவாய் என்று தெரியும், தொடாதே, கம்பெனி அவனைத் துரத்தட்டும் என்று எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன், முதல் காகிதத்தில் அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன்.

அப்போது ஜோதி வந்து, நாளைக்குப் புதுசா பொண்ணுங்க வர்றாங்கத்தே, வெளியூர்ப் பொண்ணுங்க, இதப் பாத்துதான் கத்துக்குவாங்க, அப்பால நேரா பிரஸ்ஸுதான் என்றாள். ஹேமந்த் அவர்கள் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், வாயை மூடிக்கொண்டு இருக்கிறான் பாவி. பச்சை எரிந்தால் கை வைக்கலாம் என்று அந்தக் குழந்தைகள் பழகிவிட்டால் என்ன ஆகும் பூஜா? அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். நாளைக் காலையில் முதல் வேலையாக சூப்பர்வைசரிடம் சொல்லி ட்ரெய்னிங்கை நிறுத்த வைக்கும்படி ஜோதியிடம் சொல்லிவிட்டேன். நீயும் இதைப் படித்த கையோடு கேசவ் சாருக்கு எழுது, அவர் நம்பர் ஜோதியிடம் இருக்கிறது. சரி செய்து உன் பெயரோடு எல்லாருக்கும் பொதுவில் போடு, ஹேமந்துக்குத் தனியாக அனுப்பாதே. அவனும் மற்றவர்களைப் போல அங்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறுங்காலோடு தரையில் நடக்காதே, ஊறுகாய் தீர்ந்தால் சொல். நம் குலசாமி உன்னை நோய் நொடியில்லாமல் வைக்கட்டும், உன் கை பட்டதெல்லாம் விளங்கட்டும். ஹேமந்தை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே, அவன் கல்யாணத்துக்கும் நான்தானே அத்தை. ஆனால் அவனைப் பழி வாங்க எனக்கு ஊரான் வீட்டுப் பெண்ணின் விரல் வேண்டாம், முதலில் அதைச் சரி செய்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா சுந்தராம்பாள்