பாஸ்தாவின் மேல் போட்ட பழி

அன்பு மகள் ஆன்சிக்கு,

கே.கே. நகர் வீட்டிலிருந்து அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஜூடும் மெல்போர்ன் குளிரில் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் எனக்கு வாய் நீளுகிறது, அது உனக்கும் தெரியும், அதனால்தான் கடிதம். அம்மா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். போன வாரமே உன்னிடம் பேசச் சொன்னாள், நான்தான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தப் பாஸ்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. உன் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரைக்காகப் பன்னிரண்டு வருடமாக ராத்திரி சப்பாத்தி, இப்போது கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் ஆகாது என்று சப்பாத்தியும் போய்விட்டது, சோறும் மதியம் ஒரு கப்புக்கு மேல் கூடாது, பின்னே கிழவன் என்னதான் சாப்பிடுவான் என்று நீ கொண்டைக்கடலைப் பாஸ்தா பதினெட்டுப் பாக்கெட் கொடுத்தனுப்பினாய். ஆனால் அம்மாடி, அது சாப்பாடா? கொதிக்கும்போதே சோப்பு நுரை மாதிரிப் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, வீடு முழுக்கப் பச்சைக் கடலைமாவு நாற்றம், ஒரு நிமிஷம் முந்தி இறக்கினால் பல்லில் நறநறக்கிறது, பிந்தினால் கொழகொழவென்று கூழாகிவிடுகிறது. விழுங்கினால் போகாமல் அண்ணத்தில் அப்பிக்கொள்கிறது. அம்மா பூண்டு தக்காளி போட்டுப் பார்த்தாள், உப்புமா மாதிரித் தாளித்துப் பார்த்தாள், ஒரு நாள் வஞ்சிரக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள், குழம்பும் சேர்ந்து பாழ். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் பெயிண்டர் சுவரில் தேய்க்கும் பட்டிதான். இதே கொண்டைக்கடலையைச் சுண்டலாகக் கொடு, மறு பேச்சில்லாமல் சாப்பிடுகிறேன். அதை ஏன் மாவாக்கி, முறுக்கி, காயவைத்து, விமானத்தில் ஏற்ற வேண்டும்? குமட்டக் குமட்ட மூன்று மாதம் சாப்பிட்டேன், நீ அனுப்பியது என்ற ஒரே காரணத்துக்காக.

அப்படிச் சாப்பிட்டும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. எடை இன்னும் நாலு கிலோ குறைந்தது. வீட்டில் ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எதுவும் இல்லை, பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலப்பார்கள் என்று அம்மா அதையும் தூக்கிப் போட்டாள். அப்புறம் மிச்சம் என்ன, உன் பாஸ்தாதானே? அந்த எரிச்சலில்தான் அன்றைக்கு வீடியோவில் உன்னைப் பார்த்து, “என்னைச் சவப்பெட்டியில வைக்கத்தான் பார்சல் அனுப்புறியா” என்று கேட்டேன். நீ சட்டென்று கட் பண்ணினாய். பதினாறு நாள் ஆகிறது.

போன திங்கள் தில்லை நகரில் டாக்டர் ஆபிதாவிடம் ரத்த ரிப்போர்ட்டைக் காட்டினோம். எனக்கு அந்தக் கோதுமை வியாதி என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்ன அதே டாக்டரம்மாதான். ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளித்து, எதையோ சாப்பிடுகிறீர்கள் என்றார். நான் பாஸ்தாமேல் பழியைப் போட்டேன். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, “இதுல தப்பே இல்லைங்க அய்யா. நீங்க சர்ச்சுல அப்பம் வாங்குவீங்களா?” என்று கேட்டார். தினமும் காலைப் பூசையில் நன்மை வாங்குகிறேன், அதற்கென்ன என்றேன். “அது கோதுமை மாவுங்களே” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அது கோதுமை இல்லைம்மா, அது ஆண்டவர் என்றேன். அவர் கோபப்படவில்லை. “உங்க நம்பிக்கையை நான் ஒண்ணும் சொல்லலைங்க, ஆனா உங்க குடல் அதைக் கோதுமையாத்தான் எடுத்துக்குது” என்றார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன் ஆன்சி, சின்ன வயதில் புது நன்மை வாங்கிய நாளிலிருந்து அறுபத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட அதை நான் கோதுமை என்று நினைத்ததில்லை. பெருங்காயம் வரை சந்தேகப்பட்ட வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேற்று ஞாயிறு, எல்லோரும் நன்மை வாங்க எழுந்தார்கள், நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வரிசையே என் முழங்காலை இடித்துக்கொண்டு தாண்டிப் போனது. பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஜோஸ் காதோரம் வந்து, “என்னண்ணே, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணலையா?” என்று கேட்டான். ஏதோ பாவத்தோடு இருப்பதால்தான் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவன் நினைப்பு. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “திராட்சை இரசத்துலயும் ஆண்டவர் முழுசா இருக்கார், அப்பம் படாத தனிக் கிண்ணத்துல உங்களுக்குக் குடுக்கறேன், அடுத்த ஞாயிறே வாங்க” என்றார். ஆனால் நான் சரி என்று சொல்லவில்லை. ஜோஸ் கேட்டதில் பாதி உண்மைதானே. பெற்ற மகளை அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? வீட்டில் ஒரு ஆளோடு பேச்சு நின்றிருக்கிறது, அது சரியானதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தப்பு உன்னுடையதும் இல்லை, அந்தப் பாஸ்தாவுடையதும் இல்லை. என்னை மன்னித்துக்கொள் அம்மா. இனிமேல் அதை மட்டும் அனுப்பாதே, ராத்திரிக்கு அடை போதும். மிச்சம் ஏழு பாக்கெட்டை யாருக்குக் கொடுப்பதென்றும் தெரியவில்லை, கொடுத்தால் பகையாகிவிடும். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் இருவரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

ஒன்று மறந்துவிடாதே. ஃபாதருக்குக் கிண்ணம் எடுத்து வைக்கச் சனிக்கிழமை சாயங்காலமே சொல்லியாக வேண்டும். அதற்குள் ஒரு போன் பண்ணு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும் அப்பா,
தைரியராஜ்