நீலப் பெட்டியில் போட்ட சீட்டு

1947 ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாள்

பிரசங்கத்தில் மாதாவைப் பற்றி ஐந்து நிமிஷம், எலக்சனைப் பற்றி அரை மணித்தியாலம். கடவுள் இல்லை என்கிற இடதுசாரிக் கட்சியான சமசமாஜக்காரருக்கு வோட்டுப் போடுவது சாவான பாவமாம். போட்டவர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பும் இல்லை, பூசையில் அப்பமாக நாக்கில் வாங்குகிற நன்மையும் இல்லை என்றார் பங்குச் சுவாமி. பிறகு நிறத்துக்கு வந்தார். ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்களாம். நமக்கு வேண்டியவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. கோவில் நிறுத்துகிற வக்கீல், பிறக்கிராசியார் அருளப்பாவுக்கு மஞ்சள். சமசமாஜக்காரருக்கு நீலம்.

"நீலம் மாதாவின்ட நிறம் எண்டு நினைச்சு அதில போட்டிடாதேங்கோ, ஆச்சிமாரே!"

கோவில் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். நிறம் தெரியும்.

ஆகஸ்ட் 17

அருளப்பாவை இருபத்துமூன்று வருஷமாகத் தெரியும். 1924 மாசி, புதுக்கடைக் கோட்டு. துறைமுகத்தில் கப்பலின் அடித்தட்டில் விழுந்து என் புருஷன் சந்தியாகு செத்த விசாரணை. கம்பனிக்காகப் பேச வந்த பிறக்கிராசி இவர்தான். வெள்ளைக் கால்சட்டை, நெற்றி துடைக்க ஒரு பட்டுக் கைக்குட்டை. "அந்த ஆள் குடிச்சிருந்தான்" என்றார். சந்தியாகு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து எட்டு வருஷம் கள்ளைத் தொடாத மனுஷன். நான் எழும்பிச் சத்தம் போட்டேன், பொலிஸ்காரன் வெளியே தள்ளினான். அப்படிச் சொன்ன வாய் ஞாயிறுதோறும் கோவிலில் முன்வரிசை வாங்கில் இருந்து செபம் சொல்கிறது.

மகன் கஸ்பார் ஆனி மாத ஸ்ட்ரைக்கில் நின்று அரசாங்க வேலையை இழந்தவன். இப்போது நீலப் பெட்டிக்காரருக்காகக் கொட்டாஞ்சேனை முழுக்க நோட்டீஸ் கொடுக்கிறான். இன்று சாப்பாட்டில் சொன்னேன், "ராசா செசாருடையதைச் செசாருக்குக் குடு எண்டு யேசுநாதரே சொன்னவர். ஆளுகிறவையோட உனக்கென்னடா சண்டை?"

"வோட்டு செசாரின்டயும் இல்லை, சுவாமியின்டயும் இல்லை அம்மா. அது உங்கட."

"சோறு ஆறுது, தின்" என்றேன்.

ஆகஸ்ட் 30

செபமாலை முழுவதும் சொல்லி முடித்தும் மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

செப்டெம்பர் 10

வோட்டுப் போட்டு சில நாளாகிறது. எழுதக் கை வரவில்லை.

அன்று விடியவே மாதா சபைத் தலைவி கொன்ஸ்ரன்ஸ் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "திரேசம்மா, அருளப்பா ஐயா கார் அனுப்பியிருக்கிறார். இந்த முழங்காலோட நடக்கவா போறாய்?"

ஏறினேன். முழங்காலுக்காக ஏறவில்லை. அவருடைய காரிலேயே போய் அவருக்கு எதிராகப் போட வேண்டும் என்று ஏறினேன். மஞ்சள் கொடி கட்டின கார், தோல் மெத்தை. கொன்ஸ்ரன்ஸ் வழியெல்லாம் பாட்டுப் பாடினாள். எனக்கோ வாயில் கற்கண்டு கரைகிற மாதிரி இருந்தது. அந்த இனிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திரைக்குப் பின்னால் சிலுவை போட்டுக்கொண்டு நீலப் பெட்டியில் போட்டேன். வேலையில்லாமல் நிற்கிறவர்களுக்காகவா? மகனுக்காகவா? அந்தப் பட்டுக் கைக்குட்டைக்காகவா? தெரியாது. சீட்டு உள்ளே விழுந்தது, அது மட்டும் தெரியும்.

திரும்பி வந்து காரால் இறங்கும்போது கஸ்பார் எதிரில் நின்றான். வீட்டுக்குள் வந்தபிறகுதான் வாய் திறந்தான்.

"அப்பாவைக் குடிகாரன் எண்டவன்ட காரிலயா ஏறின நீங்க?"

"ஓம், ஏறினனான்."

"அப்ப வோட்டும் மஞ்சளுக்குத்தான்."

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பெற்றவளைப் பற்றி அப்படி நினைத்தானே என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். நினைக்கட்டும். கிடந்து வேகட்டும்.

செப்டெம்பர் 13

கஸ்பாரும் மருமகள் மாக்ரெட்டும் வெள்ளவத்தையில் அவளுடைய தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாக்ரெட் மட்டும் "போயிட்டு வாறம் மாமி" என்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

செப்டெம்பர் 28

அருளப்பா வென்றுவிட்டார். பூசை முடிந்து வாசலில் நின்று சபைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் கை கூப்பினார்.

"உங்கட வோட்டுக்குப் பெரிய உபகாரம், ஆச்சி."

"நான் சந்தியாகுவின்ட பெண்சாதி. துறைமுகத்தில செத்தவர்."

"அப்படியா? பாவம். எப்ப நடந்தது?"

நடிப்பில்லை. முகத்தை நன்றாகப் பார்த்தேன். மனுஷனுக்கு உண்மையாகவே ஞாபகமில்லை. இருபத்துமூன்று வருஷமாக நான் ஒருத்தியே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

அக்டோபர் 4

நாலு ஞாயிறாக நன்மைக்குப் போகவில்லை. யார் நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதிக்குப் போகாமல் வாங்கிலேயே இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே இந்தக் கோவிலில் சிலருக்குக் கண் இருக்கிறது. இன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முதலில் அருளப்பாமேல் வைத்திருந்த வர்மத்தைச் சொன்னேன், காரில் ஏறிச் சந்தோஷப்பட்டதைச் சொன்னேன். அழுகை வந்தது. பிறகு, "நீலத்தில போட்டனான் சுவாமி."

சுவாமி மெதுவாக, "மாதாவின்ட நிறம் எண்டு மாறிப் போட்டீங்க, என்ன? நிறைய ஆச்சிமார் அப்படித்தான் போட்டவை. தவறுதலாப் போட்டது எண்டு சொல்லுங்கோ, போதும்."

நல்ல மனுஷன். அவராலான மட்டும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ஓம் என்றால் நாளைக்கே நன்மை.

"இல்லை சுவாமி. தெரிஞ்சுதான் போட்டனான்."

"அதுக்கு மனம் வருந்துறீங்களா?"

"வர்மத்துக்கு வருந்துறன். வோட்டுக்கு வருத்தம் வருகுதில்லை. வேலை பறிபோனவன் பக்கம் நிண்டது பாவம் எண்டு மனம் சொல்லுதில்லை சுவாமி."

"அப்ப நான் என்ன செய்ய, ஆச்சி?"

அவர் குரலும் உடைந்திருந்தது. மன்னிப்பில்லாமல் எழும்பி வந்தேன்.

டிசம்பர் 25

பதினொரு வயதில் முதல் நன்மை எடுத்தபிறகு நான் நன்மை எடுக்காத முதல் நத்தார்.

டிசம்பர் 28

பொறுக்கவில்லை. நானே வெள்ளவத்தைக்குப் போனேன். கதிரையில் இருக்குமுன் சொல்லிவிட்டேன், நீலத்தில் போட்டதை.

கஸ்பார் ஒரு கதிரையை இழுத்து எனக்குக் கிட்ட இருந்தான். "ஏன் அம்மா அப்பவே சொல்லேல்லை?"

"நீ கேட்கேல்லை. தீர்ப்புச் சொன்னாய்."

தலையைக் குனிந்தான். மாக்ரெட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து என் தோளைத் தொட்டாள். பிறகு சுவாமி கேட்டதையும் சொன்னேன்.

"மாறிப் போட்டன் எண்டு ஒரு பொய் சொன்னா என்னம்மா?"

"அந்த இடத்திலயாடா பொய் சொல்றது?"

"அப்ப அந்தக் கோவிலை விடுங்கோ. இங்க எங்களோட இருங்கோ."

என் வோட்டு அவனுக்கு விளங்கியது. நன்மைக்கு நான் கிடக்கிற பசி விளங்கவில்லை. பின்னேர ரயிலில் திரும்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் வந்தான், அது பெரிது.

1948 சனவரி 11

புது அரசாங்கத்துக்காகச் செபிக்கச் சொன்னார் சுவாமி. நன்மை நேரத்தில் கொன்ஸ்ரன்ஸ், "இன்னும் சுகமில்லையா திரேசம்மா?" என்று கேட்டபடி எழும்பிப் போனாள். வாங்கில் நான் மட்டும். அருளப்பா கிராதியில் முழந்தாளிட்டிருப்பதைப் பார்த்தேன். பின்னந்தலை நரைத்துவிட்டது. அந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடும், ஏழைகளை மறக்க விடாதேயும் என்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். பாதியில் சொல் தவறியது, முதலிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தேன். அடுத்த எலக்சனிலும் அவருக்குப் போட மாட்டேன் என்பதையும் ஆண்டவரிடம் சொல்லி வைத்தேன். பிறகு, நன்மை எடுத்துத் திரும்புகிறவர்களுக்கு வழி விட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டேன்.