சூரியப் படை நிலைக்காது என்று நீ சொன்ன நாள்

அம்மா,

இன்று காலை உன் டேப்லெட்டை அலமாரியிலிருந்து எடுத்து உறையைத் திறந்ததும் யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசனை எழுந்தது. முழங்கால் முட்டில் தைலம் தேய்த்த கையோடு திரையைத் தொடாதே என்று எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். நீ ஒருநாளும் கேட்டதில்லை. துடைக்கத் துணியை எடுத்தேன், பிறகு துடைக்காமலே சார்ஜில் போட்டேன்.

இரண்டாம் சனி என்பதால் எனக்கு நெய்யாற்றின்கரையில் கோர்ட் இல்லை. சாயா போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது விளையாட்டு தானாகவே திறந்திருந்தது. கறுப்பு வானம், சுழலும் நட்சத்திரங்கள், நடுவில் ஒரு கேள்வி: புதிய சீசன் தொடங்குகிறது, எந்த அணியில் சேரப் போகிறீர்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீ எடுத்துக்கொண்ட நேரத்தை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

முட்டு ஆப்பரேஷன் முடிந்து நீ கட்டிலில் கிடந்த நாட்கள் அவை. சவுதியில் நர்சாக இளமை முழுவதும் வார்டு வார்டாக ஓடிய கால்கள் ஓரிடத்தில் கிடக்க மறுத்தன. டிவி சீரியலைப் பார்த்து, "இவளுக்கு நடிக்கவும் தெரியல்ல, அழவும் தெரியல்ல" என்று திட்டினாய். உன் எரிச்சலைத் தாங்க முடியாமல்தான் நான் விளையாடும் விண்வெளி விளையாட்டை உன் டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தேன். நாலு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தேன்.

அதில் மூன்று அணிகள். என் சூரியப் படைதான் மிகப் பெரியது. பாதி வானம் எங்களுடையது. வணிகர் சபையிடம் பணமும் பெரும்பாலான சுரங்கங்களும். மூன்றாவது நாடோடிகள், சொந்தமாக ஒரு கிரகம்கூட இல்லாமல், பழுது பார்க்கும் பட்டறையைக் கப்பலிலேயே சுமந்து அலைபவர்கள். ஒரு சீசன் பல மாதம் ஓடும். ஒவ்வொரு கப்பலுக்குப் பின்னாலும் எங்கோ ஓர் ஊரில் ஒரு மனிதர் இருப்பார். சீசன் முடியும்போது நடு நட்சத்திரத்தின் நிலையம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே வெற்றி.

யாராக இருந்தாலும் கப்பல்களின் அழகைப் பார்த்து அணியைத் தேர்ந்துகொள்வார்கள். நீ எதிலும் சேராமல், இன்னும் அணி சேராதவர்களுக்கும் திறந்திருக்கும் குரூப்புகளில் மூன்று அணிக்காரர்களும் பேசிக்கொள்வதை மட்டும் நாள்கணக்கில் படித்தாய். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, நோயாளியின் சார்ட்டைப் படிப்பதுபோலப் படித்தாய். பிறகு ஒரு மாலை, நான் கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தீர்ப்புச் சொன்னாய்.

"மக்களே, உனக்க சூரியப் படை நிலைக்காது, கேட்டியா."

"பாதி ஆகாசம் எங்க கையில உண்டும்மா."

"உண்டு. இல்லேன்னா சொன்னேன்? ஆனா உங்க தளபதி ஒறங்கினா படை மொத்தமும் ஒறங்குது. நேத்து அவன் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போயிருக்கான். ஒருத்தனும் ஒரு கப்பல அனக்கல்ல. அவன் வந்து சொல்லட்டும்னு அப்படியே இருந்தாவ."

நாங்கள் தளபதி என்று அழைத்தவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியர். அபாரமான ஆட்டக்காரர். எனக்குக் கோபம் வந்தது. "அப்பம் வணிகர் சபையில சேரு" என்றேன்.

"அவன்மாரு வெல பேசியே பொழுதக் கழிச்சிருவானுவ. நான் நாடோடியில சேரப் போறேன்."

"அவங்களுக்கு நிக்க ஒரு எடம் கெடையாதும்மா!"

"எடம் பின்ன வரும். நேத்து புதுசா சேந்த ஒரு பெண்ணு, கப்பலுக்கு எரிபொருள் எப்படி நெறைக்கணும்னு கேட்டா. ஒருத்தன் அவனுக்க சண்டைய விட்டுட்டு வந்து சொல்லிக் குடுத்தான். அதே கேள்வியை உங்க ஆளுககிட்ட ஒருத்தன் கேட்டதுக்கு, படிச்சுட்டு வாடான்னு சிரிச்சாவ. மூணு மாசம் கழிச்சு எவன் பக்கத்துல ஆளு இருக்கும்? அங்கதான் காரியமாக்கும்."

நீ உனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சிஸ்டர்'. அதைப் பார்த்து ஏதோ மடத்துக் கன்னியாஸ்திரி விளையாட வந்திருக்கிறார் என்று பலர் பயந்து மரியாதையாகப் பேசியது உனக்குப் பிடித்திருந்தது. திருத்தவே இல்லை.

சேர்ந்த சில வாரங்களில் நாடோடிகளுக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். ஆட்டத்திலிருந்து எழுந்து போகிறவர் யாரும் சும்மா போகக் கூடாது. கையில் கட்டளை உரிமை இருந்தால் அடுத்து வருகிறவருக்கு அதைக் கொடுத்து, ஒரு வாய்ஸ் மெசேஜும் வைக்க வேண்டும்: எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எதற்குப் பழுது, யார்மேல் சந்தேகம். வார்டில் டியூட்டி மாறும்போது நர்சுகள் செய்வது. மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் ஷிபு உன்னைக் கேலி செய்தது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சிஸ்டரே, இது கேம் அல்லே? ஆஸ்பத்திரி ஒண்ணும் இல்லல்லோ."

"கேம்தான் மக்கா. ஜெயிக்கணும்னா சொல்லு. இல்லேன்னா நான் சீரியல் பாக்கப் போறேன்."

அன்று மாலையே ஷிபு தன் முதல் வாய்ஸ் மெசேஜை வைத்தார். கிரேன் மேலே இருந்து பேசினாரோ என்னவோ, பாதி காற்றாக இருந்தது. நீ அதை மூன்று முறை போட்டுக் கேட்டு, "கொள்ளாம், நல்லா சொல்லுதான்" என்றாய்.

இந்த வழக்கத்தைப் பற்றி நான் கேட்டபோது நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரு வார்டுல ஆளு சாகுறது பெரிய சீக்கினால மட்டும் இல்ல மக்களே. போற நர்சு வாற நர்சுகிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிருப்பா. அந்த எடைவெளியில சாகும்." யாரை நினைத்துச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு எதிரிகள். நான் ரயிலில் போகும்போது போனில் என் சுரங்கங்களைக் காவல் காப்பேன். அமரவிளைப் பக்கம் சிக்னல் விட்டுப்போகும். அந்த இடைவேளையைக் கணக்குப் பார்த்து நீ தாக்குவாய். என் சிறந்த சுரங்கத்தைப் பிடித்த அன்று மீன் கறியில் தலையை என் தட்டில் வைத்தாய். "தோத்தவளுக்காக்கும்" என்றாய். உன் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. ஊரில் உனக்கு இருந்ததெல்லாம் இன்னாருடைய மனைவி, இன்னாளுடைய அம்மா, சர்ச்சில் ஊசி போடத் தெரிந்தவள் என்ற பெயர்கள்தான். அந்த விளையாட்டில் உன் பெயரைக் கேட்டால் கப்பல்கள் திரும்பிப் போயின.

சீசனின் பாதியைத் தாண்டும்போது நாடோடிகள் நடு நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் தளபதி கொதித்துப் போனார். பெரிய முற்றுகைக்குத் தயாராகச் சொன்னார். அந்த வாரம்தான் உனக்கு மூச்சு முட்டியது. நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள்.

உன் கப்பல்கள் அசையாமல் நிற்பதைத் தளபதி கவனித்துவிட்டார். "சிஸ்டர் ஆன்லைனில் இல்லை, யாருக்காவது தெரியுமா?" என்று எங்கள் குரூப்பில் கேட்டார். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். பதில் எழுதவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தாக்குதல் என்று உத்தரவு வந்தது.

நான் போனை மூடி வைக்கப் போனேன். நீ பார்த்துவிட்டாய்.

"இண்ணைக்கா?"

"ஆமாம்மா. நான் போகல்ல."

"ஏன்? உனக்க பக்கத்துக்கு நீ நின்னு வெளயாடு. எனக்காகத் தோத்துத் தராண்டாம். கேவலம்."

"நீ இல்லியேம்மா அங்க."

"நான் எதுக்கு? நேத்து இங்க வாறதுக்கு முன்ன செல்விகிட்ட எல்லாம் சொல்லியாச்சு."

செல்வி, மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருப்பவர். எரிபொருள் நிறைக்கத் தெரியாமல் அன்று கேட்ட அந்தப் புதுப் பெண் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் கப்பல்கள் வானத்தை மறைத்தபடி போயின. நானும் போனேன், என் பங்குக்கு இரண்டு நாடோடிக் கப்பல்களை உடைத்தேன். உன்னிடம் காட்டினேன், தலையாட்டினாய். செல்வியின் படை பின்வாங்கிப் பின்வாங்கி எங்களை இழுத்தது. ஒரு கட்டத்தில் செல்வி போய் ஷிபு வந்தாராம். வெளியே இருந்து பார்க்கிற எங்களுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து அதே கணக்கோடு ஆட்டம் போனது. ஷிபு போய் இன்னொருவர் வந்தாராம். உடைந்த கப்பல்கள் பட்டறைக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டே இருந்தன.

அப்போது எங்கள் தளபதியின் இணைப்பு அறுந்தது. அவர் குடியிருந்த பகுதியில் கரண்ட் போய்விட்டதாம். அதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் உத்தரவு வரவில்லை என்பதுதான். முன்னேறவும் உரிமையில்லை, பின்வாங்கவும் உரிமையில்லை. கட்டளை உரிமையை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. சீசனின் மிகப் பெரிய படை, நிறுத்தி வைத்த லாரிகள்போல நின்றது. நாடோடிகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தார்கள். என் கப்பலும் போனது.

உடைந்த கப்பலைப் பார்த்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என் அம்மா இதை மாதங்களுக்கு முன்பே பார்த்தாள் என்று அந்த வார்டில் இருந்த எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. டிரிப் மாற்ற வந்த நர்சிடம் சொல்லவும் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் உன்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, உங்க ஆளுவ ஜெயிச்சாச்சு. எங்க படை தீந்தாச்சு."

நீ கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி: "செல்வி உச்சைச் சோறு சாப்பிட்டாளா?"

வீட்டுக்குத் திரும்பி வந்தாய். சீசன் முடியும்வரை நடு நட்சத்திரம் உங்களிடமே இருந்தது. வெற்றி அறிவித்த அன்று குரூப்பில் உன்னைப் புகழ்ந்து தள்ளினார்கள். நீ எழுதியது ஒரே வரி: "அடுத்த ஆளு ஆரு? நான் போகணும்." வீட்டுக்கு வந்தபின் உன் பெயருக்குத் திரும்பியிருந்த கட்டளை உரிமையை எடுத்து, அன்றே செல்விக்கு நிரந்தரமாக மாற்றிக் கொடுத்தாய். அடுத்த மழைக்காலத்தில், பகலில், ஜெபம் செய்ய உட்கார்ந்த நாற்காலியிலேயே நீ போய்விட்டாய்.

அடக்கத்துக்குச் செல்வி பஸ்ஸில் வந்திருந்தார். நாங்கள் இருவரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க அம்மைக்கு எனக்க மொகம் தெரியாது" என்றார். "எனக்குத் தையலத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு வீட்டுல எல்லாரும் சொல்லுவாவ. அம்மதான் எனக்க கையில ஒரு படையத் தந்தாவ." என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழவில்லை அம்மா. தலை நிமிர்ந்து நின்றேன்.

இன்று காலை, கேள்வி திரையில் இருக்கும்போதே ஷிபு அழைத்தார். நான் நாடோடிகளில்தான் சேர வேண்டும், உன் பெயரிலேயே விளையாட வேண்டும் என்றார். சிஸ்டர் என்ற பெயரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களாம். கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றேன். பிறகு நீ செய்ததையே செய்தேன். மூன்று குரூப்பையும் படித்தேன்.

நாடோடிகள் இப்போது மிகப் பெரிய அணி. ஜெயித்தவர்களோடு சேர எல்லோரும் ஓடி வந்திருக்கிறார்கள். காலையிலிருந்து பேச்சு முழுவதும் போன சீசனின் கதைதான். நடுவில் ஒரு புது ஆள் ஏதோ சந்தேகம் கேட்டிருந்தார். மதியம் வரை அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சூரியப் படையில் தளபதி திரும்பவும் தனியாகவே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். வணிகர் சபையில் பாதிப் பேர் ஓடிப்போய்விட்டார்கள். அங்கே வேண்டுமென்றே ஒரு சின்னச் சந்தேகம் கேட்டுப் பார்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். கடையைத் திறக்கப் போகிறேன், மீதியை இவரிடம் கேளுங்கள், நீங்கள் கேட்டதை அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று இன்னொருவர் பெயரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷிபுவைத் திரும்ப அழைத்தேன்.

"நான் வணிகர் சபையில சேரப் போறேன் ஷிபு அண்ணா."

"அய்யோ, அதென்னா அப்படி? அம்மைக்க அணி அல்லே இது?"

படித்ததைச் சொன்னேன். பதிலுக்குக் காத்திருந்த அந்தப் புது ஆளைப் பற்றியும் சொன்னேன். ஷிபு மூச்சை இழுத்து விட்டார்.

"அம்ம இருந்தா இதுதான் செய்திருப்பாவ" என்றார். "நான் இப்பம் போய் அந்த ஆளுக்குப் பதில் சொல்லுதேன். பின்ன மோளே, சண்டையில பாத்தா விடமாட்டேன், கேட்டோ."

"விடாண்டாம். கேவலம்" என்றேன்.

உன் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை அம்மா. அது உன்னுடையது. என் சொந்தப் பெயரில் சேர்ந்தேன். உன்னிடமிருந்து எனக்கு வந்திருப்பது, பெரிய கூட்டத்தைப் பார்க்கும்போது கண் தானாகவே அதன் கடைசி வரிசைக்குப் போய் நிற்கும் இந்தப் பழக்கம். கோர்ட்டிலும் சர்ச்சிலும் கல்யாண வீட்டிலும் அது என்னை விடுவதில்லை.

அந்தத் திண்டுக்கல்காரர் கடையை மூடிவிட்டு வரும்போது என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டும். கிழக்கே இரண்டு கப்பலுக்குப் பழுது, இன்னும் பட்டறைக்குப் போகவில்லை. புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். எதைத் தொட வேண்டும் என்றே தெரியாமல் நடுவானில் நிற்கிறாள். முதலில் அவளிடம் போகிறேன்.

உன் மகள்