எல்லாருக்கும் இடது கால்

பிப்ரவரி 1, சனி

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். ஷூ கம்பெனியில் அரை நாள்தான். வீட்டுக்கு வந்ததும் மகள் ஷீபா பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒன்பதாவது பிள்ளைகளுக்கு அவள் புள்ளியியல் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்தால்தான் வேலை. ஏற்கெனவே இரண்டு பள்ளியில் "பார்த்துட்டுச் சொல்றோம்".

"கார்ட்டூன் போட்டு நடத்தப் போறேன்பா. நீதான் வரையணும்."

பத்தாவதில் கணக்குக்கு முப்பத்தாறு வாங்கியவன் நான். சரி என்றேன்.

கதை அவளுடையது. ஒரு மேனேஜர் ஊரார் கால் அளவையெல்லாம் கூட்டி வகுத்து, சராசரி ஏழரை என்று எல்லாருக்கும் ஏழரையில் தைக்கிறார். எவனுக்கும் சேரவில்லை.

"எந்தக் கம்பெனியில அப்படிச் செய்வாங்க? எந்த சைஸ் ஜாஸ்தி போவுதோ அதைத்தான் ஜாஸ்தி தைப்போம்."

"அதுக்குப் பேரு முகடுப்பா."

இத்தனை வருஷம் பேர் தெரியாமலே அதோடு குடித்தனம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச் முடிந்து வரைய உட்கார்ந்தேன். சார்ட் நாலு. மார்க்கர் மறந்து மறுபடி பஜார்.

எஸ்தர் அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இது மேனேஜரா, கன்னுக்குட்டியா?" கட்டிக்கொண்டவள், சொல்லலாம். மீசை சரியில்லைதான். கால்கள் மட்டும் அருமை. நம் தொழிலாயிற்றே.

பிப்ரவரி 3, திங்கள்

ஷீபா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

படத்தை ஒட்டியதுமே வகுப்பு சிரித்ததாம். மேனேஜரைப் பார்த்து அல்ல. "மிஸ், எல்லாருக்கும் ரெண்டுமே எடது கால் மிஸ்."

சார்ட்டை விரித்துப் பார்த்தேன். உண்மை. எங்கள் பிரிவில் ஆர்டருக்கு முன்னால் வாங்குபவர்களுக்கு மாதிரி காட்டுவதற்கு ஒற்றை ஷூ தைப்போம். எப்போதும் இடது. கை அதற்கே பழகிவிட்டது.

"அப்புறம் இன்னா சொன்ன?"

"எங்கப்பா வரைஞ்சது, அவரு தினமும் எடதே பாக்குறாரு, அதான் ஊருக்கே எடது கால்னு முடிவு பண்ணிட்டாருன்னு சொன்னேன். ஒரே எடத்துல பார்த்துட்டு ஊரையே கணக்குப் போட்டா இப்படித்தான் ஆவும்னு அதையே பாடமா நடத்திட்டேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "கோச்சிக்காதப்பா."

கோபம் இல்லை. கொஞ்சம் சுருக்கென்றது. நாற்பது பிள்ளைகள்.

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லையாம். "சிரிச்சாங்க, சரி. கத்துக்கிட்டாங்களா? புதன்கிழமை நானே டெஸ்ட் வைக்கிறேன்."

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலை ஓடவில்லை. சிரித்தால் பாடம் போய்விடுமா? எங்கள் கணக்கு வாத்தியார் ஒருநாளும் சிரித்ததில்லை, எனக்கு ஒன்றும் ஏறவுமில்லை. ஆக, சிரிக்காத வாத்தியார் எல்லாம் வீண். உடனே உறைத்தது: ஒரே ஒருத்தரை வைத்து எல்லாரையும் முடிவு கட்டுகிறேன்.

ஒரு ஆளுக்காவது பாடம் ஏறியிருக்கிறது. டெஸ்ட் எழுதப்போவது அந்த ஆள் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கூப்பிட்டார்கள். ஷீபா போய் வந்தாள். ஜூனில் சேரச் சொல்லிவிட்டார்கள். எஸ்தர் அழுதாள், பிறகு மட்டன் வாங்க அனுப்பினாள்.

டெஸ்டில் சராசரிக் கேள்வியைப் பாதிப் பேர் கோட்டை விட்டார்களாம். நாங்கள் மெனக்கெட்டது அதற்குத்தான். இடது கால் பாடத்தை அநேகமாக எல்லாருமே சரியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தாளை ஷீபா போனில் படம் எடுத்து வந்திருந்தாள்.

கேள்வி: பிரியாணிக் கடை வாசலில் நிற்பவர்களை மட்டும் கேட்டு, ஊரில் எல்லாருக்கும் பிரியாணி பிடிக்கும் என்று சொன்னால் என்ன பிழை?

பதில்: இது மிஸ்ஸோட அப்பா தப்பு.

தலைமையாசிரியை என்னைச் சிவப்பு மையால் அடித்து, மேலே அந்தப் பிழையின் சரியான பெயரை எழுதி, முழு மார்க் போட்டிருந்தார்.