ஒரே வண்டியில் ஏற்றாத பணம்

இன்று காலை ரயிலில், லேடீஸ் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவள் மடியில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கத்திவாக்கம் தாண்டியதும் அந்தப் பச்சை வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. நான் என்னையறியாமல் கையை நீட்டி ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்துவிட்டேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டு கொத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நீயும் இப்படித்தான், நாம் பார்த்த முதல் நாள் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. "சும்மா தானே குந்திகினு கீறே, இத்த உருவு" என்று ஒரு கட்டைத் தூக்கி என் மடியில் போட்டாய். வண்ணாரப்பேட்டையில் இறங்கும்போது கீரையை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு அரைக்கீரை" என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்படித்தான் நமக்குள் பழக்கம் ஆனது.

நான் எண்ணூரில் ஏறுவேன், நீ திருவொற்றியூரில் ஏறுவாய். எனக்குக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் டைப்பிங் வேலை. உனக்கு யானைக்கவுனியில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில் விற்பனை. நம் இருவருக்கும் நடுவில் இருந்தது இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தில் பதினொரு வருடம் பேசித் தீர்த்தோம். இப்போது உன் வீடு இருந்த காலடிப்பேட்டைக்கு மெட்ரோ வந்துவிட்டது. ஏ.சி.யில் போகலாமே என்று மகள் சொல்கிறாள். அதில் யாரும் கீரை உருவ முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பணத்தைப் பற்றி நாம் முதலில் பேசியது என் வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனி எல்லோருக்கும் வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிய வருடம். இருபத்தாறு வருடம் ஃபிட்டராக உழைத்த மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை செக்கைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். சனிக்கிழமை காலை கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கன்டெய்னர் டிரெய்லர் வாங்கப் போவதாகச் சொன்னார். மொத்தப் பணத்தையும் போட்டால் பாதி வண்டி நம்முடையதாம். எண்ணூர் ரோட்டில் இருபத்துநாலு மணி நேரமும் டிரெய்லர் ஓடுகிறது, ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் யாரோ ஒருத்தனுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது, அந்த ஒருத்தன் ஏன் நானாக இருக்கக்கூடாது என்று கேட்டார். எனக்குப் பயம்தான் வந்தது. மகள் திவ்யா அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ரயிலில் இதைச் சொன்னபோது நீ கீரையை நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கெழம உன் வூட்டுக்கு வரேன். சோறு ஆக்கி வை. மீனு நான் வாங்கியாறேன்" என்றாய்.

சொன்னபடி காசிமேட்டில் சங்கரா வாங்கிக்கொண்டு வந்தாய். என் வீட்டுக்காரருக்கு நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். அதனால் சாப்பிடும்போதே டிரெய்லர் கணக்கை எடுத்துவிட்டார். நீ எதிர்த்துப் பேசவே இல்லை. டயர் எத்தனை, ஒரு டயர் என்ன விலை, இன்சூரன்ஸ் வருடத்துக்கு எவ்வளவு, எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு விட்டால் எத்தனை நாள் நிற்கும் என்று மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாய். அவரும் பெருமையாகப் பதில் சொன்னார். நாலாவது ஐந்தாவது பதிலுக்கெல்லாம் அவர் குரல் இறங்கியது. லோடு கிடைக்காமல் வண்டி நின்றால் என்று கேட்டாய். நிற்காது என்றார். நின்றால் என்று மறுபடி கேட்டாய். தண்ணீர் குடித்தார்.

கடைசியாகத்தான் நீ அதைக் கேட்டாய். "சரி அண்ணே, உனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லாபக் கணக்கும் இப்போ நீயே பாத்துட்டே. அப்பால இன்னா தான் ஆசை?"

அவர் தட்டில் இருந்த முள்ளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "வண்டி முன்னால திவ்யா பேரு எழுதணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை முறைத்தாய். அவரைப் பார்த்து, "இத்த முன்னாலயே சொல்லியிருந்தா நான் மீனோட ஸ்வீட்டும் வாங்கியாந்திருப்பேனே" என்றாய். பேர் எழுதுவதற்கு எவ்வளவு பங்கு வேண்டும் என்று கூட்டாளியிடம் கேட்கச் சொன்னாய். "அதுக்குண்டான துட்ட மட்டும் அதுல போடு. போச்சின்னா ரெண்டு நாளு அழுதுட்டு எந்திரிக்கிற அளவுதான் இருக்கணும். மீதிய எங்க கையில வுடு."

சுவரில் தொங்கிய காலண்டரில் போன மாதத்துத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாய். வேலையே இல்லாமல் ஆறு மாதம் இருந்தாலும் அடுப்பு எரிகிற அளவுக்குப் பணம் சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும், அதை யாரும் தொடக்கூடாது என்பது முதல் வரி. மூன்று பேருக்கும் மருத்துவக் காப்பீடு. ஒரு பெரிய பகுதி தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில், சம்பளம் நின்ற வீட்டில் மாதாமாதம் ஏதாவது வந்து விழ. இன்னொரு பகுதி இரண்டு வேறு வேறு பேங்கில், அதையும் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பிரித்து, வருடத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி. தங்கம் கழுத்தில் இருப்பது போதும் என்று எழுதி அடிக்கோடு போட்டாய். அப்புறம் ஒரு சின்னத் தொகையை மட்டும் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் ஒரு துண்டு வாங்கிப் போடும் இண்டெக்ஸ் ஃபண்டில், மாதம் கொஞ்சமாக, பத்து வருடத்துக்குக் கை வைக்காமல்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கடை முதலாளி பேப்பர் படிக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொன்னாய். லைப்ரரியில் முதலீட்டாளர் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தால் விடாமல் போவாய் என்பதையும் சொன்னாய். அங்கே சமோசா கொடுப்பார்கள் என்பதை மட்டும் ரயிலில் என்னிடம் தனியாகச் சொன்னாய். எனக்கும் ஒன்று டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவருவாயே.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, தபால் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.

நீ ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாய் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது பல மாதம் கழித்து, தண்டையார்பேட்டை தாண்டி சிக்னலுக்காக ரயில் அரை மணி நேரம் நின்ற ஒரு காலையில். கல்யாண நகையை விற்ற பணம், உன் வீட்டுக்காரர் சேர்த்தது, நீ சேர்த்தது எல்லாவற்றையும் தெருவில் ஒரே ஆளிடம் சீட்டில் போட்டிருந்தாய். அவர் தொழில் படுத்துவிட்டது, சீட்டும் அதோடு போயிற்று. ஏமாற்றிவிட்டானா என்று நான் கோபமாகக் கேட்டேன்.

"இல்லமே. நல்ல ஆளு. அவரு முழுகனாரு, கைய புடிச்சிகினு இருந்த நானும் முழுகனேன். நல்ல ஆளுக்கும் கெட்ட நேரம் வரும்ல? அதான் ஒருத்தர் கையவே புடிச்சிகினு நிக்கக் கூடாதுன்றேன்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் உன் கையில் இருந்த கீரைத்தண்டு பொடிப்பொடியாகக் கிள்ளப்பட்டிருந்தது. அந்த நஷ்டத்துக்குப் பிறகு மாதம் ஐநூறு, ஆயிரம் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாய். நான் உன்னைப் பணக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தவள், பயத்தை ஒழுங்காக வேலை வாங்கத் தெரிந்தவள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

டிரெய்லரில் திவ்யா பேர் எழுதினார்கள். முன்னால் இல்லை, கொடுத்த பங்குக்கு ஏற்றபடி பக்கவாட்டில், டீசல் டேங்குக்கு மேலே. என் வீட்டுக்காரர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அது லோடு ஏற்றும்போது போய் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். நான் அதை உன்னிடம் காட்டினேன். பேரைவிட டேங்க் பெரிசாகத் தெரிகிறது என்று சொல்லி, பெட்டியில் இருந்த எல்லோருக்கும் காட்டிச் சிரிக்க வைத்தாய்.

அடுத்து வந்ததுதான் என் முறை. ஃபண்டில் பணம் போட ஆரம்பித்து ஒன்றரை வருடம் இருக்கும், சந்தை விழுந்தது. காலையில் ஒரு முறை, ஆபீஸில் நாலு முறை என்று போனைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாவது நாள் ரயிலில், எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். ஸ்க்ரீனில் விற்கும் பட்டனுக்கு மேல் விரலை வைத்திருந்தேன். நீ போனைப் பிடுங்கி உன் சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில் போட்டாய். விளையாட்டு என்று நினைத்தேன். வண்ணாரப்பேட்டை வந்ததும் பையோடு இறங்கிவிட்டாய். நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். நீ திரும்பிக் கையை ஆட்டினாய்.

அன்று முழுக்க எனக்குப் போன் இல்லை. மத்தியானம் என் வீட்டுக்காரர் கூப்பிட்டதற்கு நீ எடுத்து, உன் பெண்டாட்டிக்கு இன்றைக்கு லீவு என்று சொன்னாயாம். சாயந்திரம் திரும்பும் ரயிலில் வண்ணாரப்பேட்டையில் ஏறி என் கையில் போனைக் கொடுத்தாய். தயிர் வாசம் அடித்தது.

"மார்க்கெட்டு மூடியாச்சி. இந்தா. இப்போ பாத்து அழு."

எனக்கு அழுகை வரவில்லை. பிறகு நீ நிதானமாகக் கேட்டாய். தபால் ஆபீஸ் வட்டி இந்த மாதம் வந்ததா? வந்தது. பேங்க் பணம் அப்படியே இருக்கிறதா? இருக்கிறது. அடுப்புப் பணம்? தொடவில்லை. அப்படியென்றால் விழுந்தது எது என்று கேட்டாய். பத்து வருடத்துக்குத் தேவைப்படாது என்று நானே சொல்லி வைத்த அந்தச் சின்னப் பகுதி மட்டும்தான். அதை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வருடம் திரும்புவதற்குள் அது பழைய இடத்துக்கு வந்து அதையும் தாண்டிப் போனது. அந்தப் பொங்கல் வாரத்தில், வளர்ந்ததில் கொஞ்சம் எடுத்துப் பின்தங்கியதில் போட வைத்தாய். அதற்குச் சரிக்கட்டுவது என்று பேர் வைத்திருந்தாய். வருடத்துக்கு ஒரு தபா போதும், தினமும் தூக்கிப் பார்த்தால் குழந்தை வளராது என்பாய்.

டிரெய்லர் இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு லோடு குறைந்து இரண்டு மாதம் யார்டில் நின்றது. கூட்டாளி விற்றுவிட்டார், கொஞ்சம் நஷ்டம். என் வீட்டுக்காரர் சரியாக இரண்டு நாள் சோர்ந்திருந்தார். மூன்றாம் நாள் காபி குடித்துக்கொண்டே, பேங்கில் போட்ட மூன்று வருட டெபாசிட் எப்போது முடிகிறது, திவ்யா காலேஜ் ஃபீஸுக்குச் சரியாக இருக்குமா என்று கேட்டார். அதுவரை அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. உன்னிடம் சொன்னபோது, "அண்ணன் மன்சன் ஆயிட்டாரு" என்றாய்.

உனக்கு உடம்புக்கு வந்தது போன வருடம். ஸ்டான்லி பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். முகம் சுண்டிப்போயிருந்தது, கண் மட்டும் பழைய கண். நான் ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். நீதான் என்னைக் கிட்டே கூப்பிட்டு, காதில் ரகசியம் போலச் சொன்னாய்.

"பாத்தியா, காப்பீடும் அடுப்புப் பணமுமே போதும்னு ஆயிட்ச்சி. ஒரு டெபாசிட்டக் கூட ஒடைக்கல. எவன்கிட்டயும் கை நீட்டல."

மருந்து வேலை செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளை மாதிரி சொன்னாய். உன் மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கடன் வைக்காமல் போக வேண்டும் என்று நீ நினைக்கிறாய் என்று நான் எண்ணினேன். இல்லை, பயப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் நீ இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாய். கண்ணை மூடுகிறவரை அப்படியே இருந்தாய்.

இந்தப் பொங்கலுக்குத் தனியாகச் சரிக்கட்டினேன். இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு, திவ்யா கண்டுபிடித்தாள். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள், முதல் சம்பளத்திலேயே அடுப்புப் பணம் ஒதுக்கிவிட்டாள்.

ஒரு செய்தி சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். நான் வரும் மாதத்தோடு வேலையை விடுகிறேன். ஆபீஸில் கொடுக்கும் கிராஜுவிட்டியை எங்கெங்கே போடுவது என்று யாரையும் கேட்காமல் எழுதி முடித்துவிட்டேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தபால் ஆபீஸ், இரண்டு பேங்க், கொஞ்சம் ஃபண்ட். ஆனால் ஒரு பகுதியை மட்டும் எடுத்து ஸ்கூட்டி வாங்கிவிட்டேன். ஐம்பத்தேழு வயதில். மைதானத்தில் மூன்று நாளாக ஓட்டிப் பழகுகிறேன், என் வீட்டுக்காரர் பின்னால் ஓடி வந்து மூச்சு வாங்குகிறார். போனால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடுகிற அளவுப் பணம்தான், நீ வைத்த அளவுதான். வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கிக்கொண்டே போகிற பொருளுக்குத் துட்டைக் கொட்டுவாயா என்று நீ கேட்பாய், தெரியும்.

கேள். திருவொற்றியூர் பீச் ரோடு முழுக்கக் கேட்டுக்கொண்டே வா. பின்சீட்டில் இன்னும் யாரையும் ஏற்றவில்லை.