உடைக்காத பூட்டு

என் புள்ளைக்கு,

ரிமாண்டில் பார்க்க விடும் நாளுக்கு இந்த முறையும் உன் அண்ணன்தான் வந்தான். ஹட்டன் பஸ்ஸில் உனக்கு இடம் கிடைக்கவில்லையோ என்னவோ. நீ அழுதபடியே இருக்கிறாய் என்றான். கொழுந்து பறிக்கப் போகுமுன் எல்லோரும் கூடும் பெரட்டுக்களத்தில் நீ சொன்னதை நினைத்துத்தான் அழுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரரு ஒப்பீஸ் கொம்பியூட்டர ஒடச்சி, நம்ம கொழுந்து நிறுவைய கொறைக்கிறத கண்டுபிடிச்சிட்டாரு!"

எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருப்பாய். பொலிஸில் அதை அப்படியே சிங்களத்தில் எழுதிக்கொண்டார்கள்.

நான் எதையும் உடைக்கவில்லை, புள்ள. தோட்டத்துச் சின்னத்தொரையின் பாஸ்வேர்டைத் தினமும் அவருக்காக அடித்துக்கொடுத்த கிளார்க் நான்தானே. லோயரிடமும் அதைத்தான் சொன்னேன்.

"அன்னைக்கு சின்னத்தொரை அடிக்கச் சொன்னாரா?"

"இல்லீங்க ஐயா. நானாத்தான் தொறந்து பார்த்தேன்."

"அப்ப முடிஞ்சிச்சி. ஒடச்சீங்களான்னு சட்டம் கேக்காது. உத்தரவு இருந்திச்சான்னுதான் கேக்கும்."

ஆகவே என்னை உள்ளே தள்ளியது உன் வார்த்தை இல்லை. அதற்காக அழாதே.

ஆனால் நிறுவையைக் குறைத்ததே நான்தான் என்று ஒப்பீஸில் இப்போது சொல்கிறார்களாம். உத்தரவில்லாமல் உள்ளே போனவன் எதையும் மாற்றியிருப்பானாம். லயத்து வீடுகளில் எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ அழுகிறாய் என்று சொன்னானே தவிர, எதற்கு என்று அவன் சொல்லவில்லை.

இன்னும்
உன் வீட்டுக்காரன்